வேதியியலுக்கு ஒரு சங்கம். தமிழுக்கு ஒரு கடமை

சங்கம் என்றதும் தமிழ் பயில்வோர் உள்ளம் மதுரையை நாடும். புலவர் கூடி நூலை ஆய்ந்து, தகுதி கண்டு ஏற்பதே சங்கத்தின் பணி என்பது நம் மரபு. வேதியியலுக்கு அப்பணியைச் செய்ய நம் நாட்டில் எழுந்த ஓர் அவையின் வரலாறு, தமிழ்த்துறையினராகிய நாமும் அறியத்தக்கது.

இலண்டனில் வேதியியற் கழகம் 1841ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. அடிமைப்பட்டிருந்த நம் நாட்டு வேதியியலார் தம் ஆய்வு முடிவுகளை வெளியிடப் பெரிதும் அயல்நாட்டு இதழ்களையே எதிர்நோக்கினர். இந்நிலையை மாற்ற விழைந்தோருள் கோஷ், முகர்ஜி, சாந்தி ஸ்வரூப் பட்நாகர் ஆகிய இளைஞர் மூவர் குறிப்பிடத்தக்கவர். 1924ஆம் ஆண்டு கல்கத்தாவில் இந்திய வேதியியற் கழகம் உருவாயிற்று. ஆச்சாரியார் பிரபுல்ல சந்திர ரே முதல் தலைவரானார். அவ்வாண்டே கழகத்தின் காலாண்டிதழும் வெளிவந்தது. நம்மவர் ஆய்வை நம்மவரே மதிப்பிடும் நிலை பிறந்தது. இதனை விடுதலை வேட்கையின் மற்றொரு முகம் எனலாம்.

அதற்கு எட்டாண்டு முன்பே, 1916இல், சேலத்தில் இராஜாஜி முதலியோர் அறிவியற் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்கச் சங்கம் ஒன்று கண்டனர். அது நெடுநாள் நீடிக்கவில்லை. கல்கத்தாக் கழகமோ நூற்றாண்டு கடந்து நிற்கிறது. ஆய்வுக்கு அவை நிலைத்தது. மொழிக்கு அவை நிலைக்கவில்லை. இக்குறையின் விளைவை நம் வட்டாரமே உணரும்.

பருத்தி நூலில் சாயம் பற்றுவதற்காக இடப்படும் உப்பு நூலில் தங்குவதில்லை, கழிவுநீரோடு வெளியேறுகிறது. நொய்யலின் குறுக்கே 1992இல் எழுந்த ஒரத்துப்பாளையம் அணை, பாசன நீருக்கு மாறாகச் சாயக்கழிவைத் தேக்கிய அவலத்தை நாம் அறிவோம். 2011இல் உயர்நீதிமன்ற ஆணையால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. உழவரும் தொழிலாளரும் ஒருங்கே துயருற்றனர். தம் கிணற்று நீரின் ஆய்வறிக்கையைத் தாமே படித்துணர அவர்களுள் எத்தனை பேருக்கு இயன்றிருக்கும்?

'வேதியியல் தமிழுக்கு அடங்காது' என்பாருக்கு நாம் உடன்படோம். ஆங்கிலேயர் ஆளும் 'அல்கலி' என்னும் சொல், செடியைச் சுட்ட சாம்பலைக் குறித்த அரபுச் சொல்லே. உவர்மண் கொண்டு துணி வெளுத்த நம் வண்ணார்க்கும் அப்பொருளின் இயல்பு தெரிந்தே இருந்தது. புழங்குவோர் வாயில் சொல் வளரும். புழங்காத மொழியில் அது வாடும்.

ஆதலின், நம் கல்லூரியில் தமிழ்த்துறையும் வேதியியல் துறையும் இணைந்து பருவந்தோறும் ஓர் அவை கூட்டுதல் வேண்டும். வேதியியல் மாணவர் நீரையும் சாயத்தையும் பற்றித் தமிழில் உரைக்கட்டும். தமிழ் மாணவர் சொற்களை ஆய்ந்து செப்பம் செய்யட்டும். ஊர்ப் பெரியோரும் உழவரும் பட்டறைத் தொழிலாளரும் அவையில் அமர்ந்து வினவட்டும். கல்வி தேடுதலைக் கடமையாகக் கொண்ட சமுதாயம் இதற்குத் துணைநிற்கும் என நம்புகிறோம். எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக!