சர்க்கரை திடமா, திரவமா?



"திடப்பொருளுக்கு உருவமும் பருமனும் உண்டு, திரவத்திற்குப் பருமன் மட்டும் உண்டு, வாயுவிற்கு இரண்டும் இல்லை" என்று நம் சிறுவர்கள் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்கள். ஒப்பித்து முடித்த பிள்ளையிடம், "சர்க்கரை திடமா, திரவமா?" என்று கேட்டுப்பாருங்கள். டப்பாவில் கொட்டினால் டப்பாவின் வடிவத்தை ஏற்கிறதே, ஆகவே திரவம் என்று தயங்கித் தயங்கிச் சொல்லும். அதட்டிவிடாதீர்கள். சிந்திக்கிற பிள்ளைதான் அப்படிச் சொல்லும். அதட்டப்பட்ட பிள்ளை அடுத்த முறை சிந்திக்காது, ஒப்பிக்கும். சர்க்கரையின் ஒரே ஒரு மணியை அதன் உள்ளங்கையில் வையுங்கள். எந்தப் பாத்திரத்தில் இட்டாலும் அம்மணி தன் வடிவத்தை விடுவதில்லை, சரிவது குவியல்தான். தண்ணீரையோ குவித்து வைக்கவே இயலாது.

இத்தகைய பாடங்களுக்குச் சமையலறையே போதும். தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸில் உறையும். மார்கழிக் காலையில் வெண்மையாய் இறுகிய எண்ணெயை வெயிலில் வைக்கும்போது பிள்ளையையும் அருகே அமர்த்தி, "இது வேறு எண்ணெயா, அதே எண்ணெயா?" என்று கேளுங்கள். சர்க்கரை காப்பியில் மறைவதை உருகுதல் என்று சொல்லிக்கொடுப்போர் உண்டு. அது கரைதல். உருகுவதற்குச் சூடு போதும். கரைவதற்கு இன்னொரு பொருள் வேண்டும்.

வாயுதான் கடினமான பாடம். கொதிக்கும் கெண்டியின் மூக்கிலிருந்து வெண்மையாய் எழுவதை நீராவி என்கிறோம். வளர்ந்தவர்களே அறியாத செய்தி இது: நீராவி கண்ணுக்குத் தெரியாது. மூக்கின் நுனிக்கும் வெண்மை தொடங்கும் இடத்திற்கும் நடுவே, ஒன்றுமில்லாததுபோல் தோன்றும் சிறு இடைவெளியில்தான் அது இருக்கிறது. வெண்மையாய்த் தெரிவது, குளிர்ந்து மீண்டும் நீரான நுண்துளிகளே. பிள்ளையை எட்ட நிறுத்திக் காட்டுங்கள்.

மூன்று நிலைகளையும் ஒன்றாய்க் காட்டவல்லது மெழுகுவர்த்தி. அறிவியலறிஞர் மைக்கேல் பாரடே 1860-61 கிறிஸ்துமஸ் விடுமுறையில், இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர்களுக்கு ஆற்றிய ஆறு விரிவுரைகளுக்கும் அதுவே பொருள். மெழுகு திடம், திரியின் அடியில் தேங்குவது திரவம், திரிவழியே ஏறிச் சுடரில் எரிவது மெழுகின் ஆவி. இதை மெய்ப்பிப்பதும் எளிது. காற்று வீசாத அறையில் சுடரை மெல்ல அணைத்து, உடனே எழும் வெண்ணிற இழையில் எரியும் தீக்குச்சியை நீட்டுங்கள். குச்சி திரியைத் தொடாமலே தீ அவ்விழைவழி இறங்கித் திரியைப் பற்றும். தீக்குச்சி பெரியவர்கள் கையில்தான் இருக்கவேண்டும். பிள்ளை "இன்னொரு முறை" என்று கேட்கும். குச்சிக்குக் கணக்குப் பார்க்காமல் செய்துகாட்டுங்கள்.