கடைக்குள் ஒரே நேரம் ஓடட்டும்

தராசுக்கு வருடா வருடம் முத்திரை குத்திக்கொள்கிறோம். பில் அடிக்கும் கணனியின் கடிகாரத்தை யார் பார்க்கிறோம்?

என் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். மாலை 6.40க்குக் காசு லாச்சி திறப்பது கமராவில் தெரிந்தது. கணனியில் அந்த நேரத்துக்குப் பில் இல்லை. கெஷியர் பையன் மீது சந்தேகம் விழுந்தது. வாயைத் திறக்குமுன் கணக்குப்பிள்ளை, "முதலாளி, பில் கணனி 14 நிமிடம் பிந்தி ஓடுது" என்றார். 6.26 என்று அந்தப் பில் இருந்தது! உள்ளே இருக்கும் சிறு பற்றரி தேய்ந்து போனதுதான் காரணம். ஒரு பிள்ளையின் மானம் மயிரிழையில் தப்பியது.

பற்றரி நன்றாக இருந்தாலும் கணனிக் கடிகாரம் நாளுக்குச் சில செக்கன்கள் பிசகும். மாதக்கணக்கில் விட்டால் நிமிடங்களாகும்.

பரிகாரம் இலேசானது. ஒரு கணனியைத் தலைமையாக வைத்து, அது இன்டர்நெட்டில் நேரம் எடுக்கட்டும். மற்ற விண்டோஸ் கணனிகளில் 'நெட் டைம்' கட்டளையை ஒரு சிறு ஸ்கிரிப்டாக எழுதி, காலையில் கணனி திறக்கும்போது தானாக ஓடவிட்டால் போதும். இதற்கு நிர்வாகி அனுமதி தேவை. நேரத்தை மாற்றும் அதிகாரத்தை கவுண்டரில் இருப்பவருக்குக் கொடுக்காதீர்கள். கமராப் பெட்டியின் நேரத்தையும் ஒப்பிட்டுச் சரிசெய்யுங்கள்.

இன்னொன்று. 2006 ஏப்ரலில் நாட்டின் நேரம் அரை மணி பின்தள்ளப்பட்டது. எல்லாக் கணனியிலும் நேர வலயம் 5.30 என்று இருக்கிறதா பாருங்கள்.

பில்லில் உள்ள நேரம் ஒரு சாட்சி. சாட்சி பிசகினால் நியாயமும் பிசகும்.