மலைக்கு அந்தப்புறம் 6 மணி. இந்தப்புறம் 9 மணி!

ரஜினிகாந்த் நடித்த "கூலி" படம் 2025-ம் ஆண்டு ஆகஸ்டு 14-ந் தேதி வெளிவந்தது. கேரளத்தில் காலை 6 மணிக்கே படம் ஓடத் தொடங்கிவிட்டது. தமிழ்நாட்டில் 9 மணிக்குத்தான் முதல் காட்சி.

படம் தமிழ்ப் படம். ஆனால் கேரளத்தில் இருப்பவர் ஏறக்குறைய முழுப் படத்தையும் பார்த்த பிறகே, திருநெல்வேலிக்காரர் கொட்டகைக்குள் நுழைய முடிந்தது!

நடுவே கடலா இருக்கிறது? இல்லை. நெல்லையிலிருந்து தென்காசி. அப்புறம் செங்கோட்டை, புளியரை. மலை ஏறினால் ஆரியங்காவு. அது கேரளம். செங்கோட்டைகூட 1956-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி வரை அந்தப் பக்கத்து ராஜ்யத்தில்தான் இருந்தது. அன்று கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போட்டிருந்தால், செங்கோட்டை ரசிகர்களும் 6 மணிக்கே படம் பார்த்திருப்பார்கள்!

பெட்டி வந்தாச்சா?

முன்காலத்திலும் படம் எல்லா ஊருக்கும் ஒரே நாளில் வந்ததில்லை. அதற்குக் காரணம் வேறு. அப்போது படம் பிலிம் சுருளில் இருந்தது. ஒரு பிரதி எடுக்கப் பணம் நிறையச் செலவாகும். ஆகவே சில பிரதிகளே எடுப்பார்கள். சென்னை, மதுரை, நெல்லை போன்ற நகரங்களில் முதலில் ஓடும். பிறகுதான் சின்ன ஊர்கள். கடைசியில் கிராமத்து டூரிங் கொட்டகை.

தாமிரபரணித் தண்ணீர் பாபநாசத்தில் இறங்கி நெல்லைக்கு வருகிறது. படமோ நெல்லையில் இறங்கி, மேற்கே அம்பாசமுத்திரத்துக்கும் கிழக்கே ஸ்ரீவைகுண்டத்துக்கும் போயிற்று. "பெட்டி வந்தாச்சா?" என்று ஊரே கேட்டுக்கொண்டிருக்கும். தேய்ந்த பிரதி வந்து சேரும்போது திரையில் கோடு கோடாக மழை பெய்யும். அதையும் கைதட்டித்தான் பார்த்தார்கள்.

இன்று தகரப் பெட்டி இல்லை. படம் பூட்டுப் போட்டு கம்ப்யூட்டர் வழியாக எல்லாத் தியேட்டர்களுக்கும் முன்னதாகவே வந்துவிடுகிறது. திறப்பதற்கு ஒரு ரகசியச் சாவி எண் உண்டு. குறித்த நேரம் வரும் வரை அது திறக்காது. ஆக, தூரம் ஒரு தடையே அல்ல. சட்டம்தான் தடை.

ஓர் உயிர் போயிற்று

படத்துக்கு சென்சார் சான்று தருவது மத்திய அரசாங்கம். தியேட்டர் எப்போது நடக்கலாம் என்று சொல்வது மாநில அரசாங்கம். தமிழ்நாட்டில் இதற்கு 1955-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. வழக்கமான காட்சிகளுக்கு மேல் சிறப்புக் காட்சி நடத்த அரசாங்க அனுமதி வேண்டும்.

முன்பு நள்ளிரவிலும் விடியற்காலையிலும் காட்சிகள் நடந்தன. 2023-ம் ஆண்டு ஜனவரி 11-ந் தேதி "துணிவு" படம் நள்ளிரவு 1 மணிக்குத் திரையிடப்பட்டது. சென்னை கோயம்பேட்டில் ஒரு வாலிபர் உற்சாகத்தில் லாரி மீது ஏறி ஆடினார். குதித்தபோது அடிபட்டு இறந்தார். வயது 19. அதற்குப் பிறகு வந்த பல பெரிய படங்களுக்கு 9 மணிக்கு முன்னால் அனுமதி கிடைக்கவில்லை.

அதே ஆண்டு அக்டோபரில் "லியோ" படத்துக்கு 4 மணிக் காட்சி கேட்டுப் படத் தயாரிப்பாளர் ஐகோர்ட்டுக்குப் போனார். கிடைக்கவில்லை. கேரளத்திலோ 4 மணிக்கே படம் ஓடியது. எல்லை ஓரத்து ரசிகர்கள் கூட்டமாக அங்கே போனார்கள்.

பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டை நினைத்தால், இந்தக் கட்டுப்பாட்டைக் குறை சொல்ல மனம் வராது. ஆனால் நடப்பது என்ன? நெல்லையில் போலீசார் கண் முன்னால் ஆடிய வாலிபர், இப்போது நள்ளிரவில் மோட்டார் சைக்கிளில் மலைப் பாதை வளைவுகளில் போகிறார். எது அதிக ஆபத்து? தியேட்டர்காரருக்கும் வசூல் நஷ்டம். ஆற்றுத் தண்ணீருக்காகப் பேசும் இரண்டு மாநிலங்களும் இதற்காகவும் உட்கார்ந்து பேசி, ஒரே நேரத்தை வைத்தால் என்ன? நேரம் 9 மணியாகவே இருக்கட்டும். மலைக்கு இருபுறமும் ஒன்றாக இருந்தால் போதும்.

சில மணி நேரம்கூடப் பரவாயில்லை. 2013-ம் ஆண்டு "விஸ்வரூபம்" கேரளத்தில் ஜனவரி 25-ந் தேதி வந்தது. இங்கே தடை. பிப்ரவரி 7-ந் தேதிதான் வந்தது. அதே ஆண்டு "தலைவா" படமும் 11 நாள் தாமதம். அப்போதும் எல்லை தாண்டிப் போய்ப் பார்த்தவர்கள் உண்டு.

பிள்ளைகளின் விளையாட்டிலும்

உங்கள் பிள்ளைகள் ஆடும் வீடியோ விளையாட்டுகளிலும் இதே கதைதான். "பைனல் பேண்டசி 7" என்ற புகழ்பெற்ற விளையாட்டு, 1997-ம் ஆண்டு ஜனவரியில் ஜப்பானில் வந்தது. அமெரிக்காவுக்கு செப்டம்பரில், ஐரோப்பாவுக்கு நவம்பரில்! மொழிபெயர்க்க அவ்வளவு நாள் ஆயிற்று. சோனி கம்பெனியின் "பிளேஸ்டேஷன் 5" கருவி, 2020-ம் ஆண்டு நவம்பரில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. இந்தியாவுக்கு 2021 பிப்ரவரி 2-ந் தேதிதான் வந்தது. நெல்லைச் சிறுவன் மூன்று மாதம் படத்தைப் பார்த்துத் திருப்திப்பட வேண்டியதாயிற்று.

இப்போது பல விளையாட்டுகள் உலகமெங்கும் ஒரே தேதியில் வருகின்றன. அந்தந்த நாட்டில் நள்ளிரவு 12 மணி அடித்ததும் திறக்கும். நியூஜிலாந்தில் பொழுது நமக்கு முன்னதாக விடிகிறது அல்லவா? சில கெட்டிக்காரப் பையன்கள், தங்கள் கருவியில் "நான் இருப்பது நியூஜிலாந்து" என்று பொய்யாகப் பதிந்துகொண்டு, பல மணி நேரம் முன்னதாகவே ஆடத் தொடங்கிவிடுகிறார்களாம்! உட்கார்ந்த இடத்தை விட்டு அவர்கள் எழுந்திருப்பதே இல்லை.

சினிமாவுக்கு அந்த வித்தை பலிக்காது. புளியரை தாண்டித்தான் போக வேண்டும்.