பருமனும் வாய்மையும் ஒன்றா?

அமெரிக்கப் பெருவைப்பகத்தில் இட்ட பணம் கல்மேல் எழுத்து என்று நம்மவருள் படித்தோரும் பேசித் திரிகின்றனர். வானளாவும் கட்டடத்தையும் நூற்றாண்டு கடந்த பெயரையும் கண்டு கொண்ட மயக்கம் இது. வைப்பகத்தை வங்கி என்றே வழங்கும் அவ்வன்பர்கள், அதன் உள்ளே நடப்பதையும் சற்று எண்ணிப் பார்க்கட்டும்!

1852 இல் தோன்றிய வெல்சு பார்கோவைக் காண்க. வீட்டிற்கு எட்டுவகைக் கணக்கேனும் பிடித்து வருக என்று அதன் மேலோர் பணியாளரை நெருக்கினர். நெருக்குண்டவர் என் செய்வர்? உரியவர் அறியாமலே அவர் பெயரில் கணக்குகளைத் தொடங்கினர். பொய்க் கையெழுத்தும் இட்டனர். 2016 இல் 18.5 கோடி தாலர் ஒறுப்புத் தொகை விதிக்கப்பட்டபொழுது, 5,300 பணியாளர் முன்னரே வெளியேற்றப்பட்டிருந்தனர். அடுத்த ஆண்டு மீண்டும் எண்ணியபோது, ஐயத்திற்குரிய கணக்குகள் 35 இலக்கம் வரை இருக்கலாம் எனத் தெரிந்தது. 2020 இல் மேலும் 300 கோடி தாலர் கட்டினர். முன்னைத் தலைவர்க்கு 1.75 கோடி தாலர் ஒறுப்பும், வைப்பகத் தொழிலில் வாழ்நாள் தடையும் கிடைத்தன. தலைமையில் இருந்தோருள் ஒருவரும் சிறை புகவில்லை! கூலிக்காரன் வேலை இழந்தான். ஏவியவன் பணங்கட்டி வீடு சென்றான். அவ்வைப்பகம் மேலும் பருக்கலாகாதென்று 2018 இல் இட்ட தடையும் 2025 சூனில் நீக்கப்பட்டுவிட்டது.

அங்ஙனமாயின் எளியவன் காசு எங்ஙனம் பிழைக்கின்றது? ஆயிரக்கணக்கான வைப்பகங்கள் வீழ்ந்த பின்னர், 1933 இல் சட்டம் இயற்றி அந்நாட்டரசு அமைத்த வைப்புக் காப்பீட்டுக் கழகத்தால் பிழைக்கின்றது. வைப்பகம் ஒன்றிற்கு ஆள் ஒருவர்க்கு 2,50,000 தாலர் வரை அக்கழகம் ஈடு நிற்கும். 1934 முதல் அவ்வரம்பிற்குள் அடங்கிய பணத்தில் ஒரு காசும் எவரும் இழந்திலர். இப்பெருமை சட்டத்தினது, வைப்பகத்தாரினது அன்று.

பருமனோ வீழ்ச்சியைத் தடுத்ததில்லை. 2008 செபுதம்பரில் 30,700 கோடி தாலர் உடைமை கொண்ட வாசிங்டன் மியூச்சுவல் வீழ்ந்தது. அவ்வாண்டே பெருவைப்பகங்களைத் தூக்கி நிறுத்த 70,000 கோடி தாலர் வரை செலவிட அரசு சட்டம் இயற்றியது. சிட்டி குழுமம் மட்டும் 4,500 கோடி பெற்றது. பின்னர்த் திருப்பிக் கட்டினர் என்பது மெய்யே. வீட்டுக்கடன் கட்டவியலாமல் தெருவிற்கு வந்தவனுக்கு அத்தகைய கைம்மாற்று எவர் தந்தார்?

சிலிக்கன் வேலி வைப்பகத்தின் கதை இன்னும் கொடிது. நடுத்தர வைப்பகங்களுக்குக் கடுங்காவல் வேண்டா என்று அதன் தலைவர் 2015 இல் மன்றாடினார். 2018 இல் காவல் தளர்ந்தது. வட்டி குறைந்திருந்த காலத்தில் நெடுநாட் கடன் ஆவணங்களை வாங்கிக் குவித்தனர். வட்டி ஏறவே அவற்றின் விலை சரிந்தது. 2023 மார்ச்சு 9 ஆம் நாள் ஒரே பகலில் 4,200 கோடி தாலரை வைப்பாளர் எடுத்தனர், மறுநாள் கதவடைப்பு! வரம்பு கடந்து வைத்திருந்த செல்வர்க்கும் முழுப்பணமும் தருவதாக அரசு இரண்டே நாளில் அறிவித்தது. அச்செலவைப் பிற வைப்பகங்களிடமிருந்தே தண்டினர் என்பர். அவை அதனை யாரிடமிருந்து தண்டும்?

அந்நாட்டில் உழைக்கும் நம் உறவினர், வைப்பகத்தின் பெயரைப் பார்ப்பதை விடுத்து, அது கழகக் காப்பிற்கு உட்பட்டதா எனப் பார்க்க. வரம்பிற்கு மேற்பட்ட தொகையை வேறொரு வைப்பகத்தில் பிரித்து வைக்க. தம் பெயரில் தாம் தொடங்காத கணக்கு ஏதேனும் முளைத்துள்ளதா என்றும் திங்கள்தோறும் பார்த்துக்கொள்க.