பட்டம் வென்ற கிளப் எங்கே?

2019 மார்ச் 9-ந் தேதி கோயம்புத்தூரில் சென்னை சிட்டி கிளப், மினர்வா பஞ்சாபை 3-1 என வென்று ஐ-லீக் பட்டம் பெற்றதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஆரம்பத்திலேயே ஒரு கோல் வாங்கியும் கலங்காமல் அடைந்த ஜெயம் அது. 20 ஆட்டங்களில் 43 புள்ளி. கல்கத்தாவின் பேர்பெற்ற ஈஸ்ட் பெங்காலுக்கு 42. அந்தப் பருவத்தில் 21 கோல் போட்ட பெட்ரோ மான்சி உருகுவே தேசத்தார். பயிற்சியாளர் அக்பர் நவாஸ் சிங்கப்பூர்வாசி.

2020-21 பருவத்துக்குப் பின் அந்தக் கிளப்பை ஐ-லீக் களத்தில் காணோம்! வென்ற கிளப்பை, பணபலம் மிக்க இந்தியன் சூப்பர் லீகுக்கு உயர்த்த அன்று விதியில்லை. அந்தக் கதவு திறந்தது 2022-23 பருவத்தில்தான். மான்சி பிறந்த உருகுவே, கோயம்புத்தூர் ஜில்லாவின் ஜனத்தொகையளவே கொண்ட தேசம். அதன் பெனியரோல் கிளப், தென் அமெரிக்கக் கிளப்புகளின் கோப்பைப் பந்தயம் தொடங்கிய 1960-லேயே அதை வென்றது, இன்றும் ஆடிவருகிறது.

இதனால் நாஞ்சில் நாட்டுக்கு என்ன என்று கோட்டாற்றுக் கடைத்தெருவில் சிலர் கேட்கக்கூடும். நம் ஜில்லாவின் மேற்குக் கடலோரத்து இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ், பட்டத்துக்கு முந்திய பருவத்தில் சென்னை சிட்டிக்கு ஆடியே கீர்த்தி பெற்றார். பின்னர் ஜாம்ஷெட்பூர் சென்றார். 2019-ல் இந்தியாவுக்காக ஆடினார். கடல்மணலில் பந்துதைத்து வளரும் மீனவ வாலிபருக்கு அக்கிளப் ஓர் ஏணியாயிருந்தது. ஏணியை எடுத்துவிட்டு, தேசத்தில் ஆட்டக்காரர் இல்லையென்று அங்கலாய்ப்பது என்ன நியாயம்? ஐ-லீகில் தமிழ்நாட்டுக்கு நிலையான ஒரு கிளப்பும், தூத்தூர்ப் பக்கத்துத் துறைகளில் பயிற்சி மைதானமும் ஏற்பட, கால்பந்துச் சங்கமும் சர்க்காரும் தாமதமின்றி ஆவன செய்ய வேண்டும்.