மேலே ஏறும், கீழே இறங்காது

கிளை அலுவலகத்தில் வேர்டு 2010. அங்கே எழுதிய மேக்ரோ, கடிதத்தைத் தயாரித்து அவுட்லுக் வழியாக அனுப்பிவிடும். ஒருநாள் அந்தக் கோப்பு தலைமை அலுவலகத்துக்குப் போகிறது. அங்கே வேர்டு 2016. யாரோ திறந்து, ஒரு முகவரியைத் திருத்தி, சேமித்துத் திருப்பி அனுப்புகிறார். நிரலில் ஓர் எழுத்தைக்கூட யாரும் தொடவில்லை. ஆனாலும் கிளையில் மேக்ரோ ஓட மறுக்கிறது. புராஜெக்ட் அல்லது லைப்ரரியைக் காணவில்லையாம். கணினி சுட்டிக்காட்டுவதோ, ‘லெஃப்ட்’ என்ற அப்பாவிச் சொல்லை.

பலரும் அந்த வரியையே மாற்றி மாற்றி எழுதிப் பார்த்து ஒரு பகலைத் தொலைக்கிறார்கள். கோளாறு அங்கே இல்லை. 2016-இல் திறந்தபோது, அவுட்லுக்கின் 14.0 லைப்ரரி இருந்த இடத்தில் வேர்டு தானாகவே 16.0-ஐ வைத்துவிட்டது. நிரலை லைப்ரரியோடு பிணைக்கும் இந்த இணைப்பு மேலே ஏறும், கீழே இறங்காது. ஓர் இணைப்பு அறுந்தாலே போதும், லெஃப்ட், டேட், ஃபார்மட் போன்ற அன்றாடச் சொற்கள்கூட எந்த லைப்ரரியைச் சேர்ந்தவை என்று தெரியாமல் கம்பைலர் தடுமாறும்.

ஆல்ட்+எஃப்11 அழுத்தி, ஓட்டத்தை ரீசெட் செய்த பிறகு டூல்ஸ், ரெஃபரன்சஸ் போனால், ‘மிஸ்ஸிங்’ என்று தொடங்கும் வரி தெரியும். ரீசெட் செய்யாவிட்டால் அந்தப் பட்டியலே திறக்காது. டிக்கை எடுத்துவிட்டு, அந்தக் கணினியில் உள்ள லைப்ரரியைத் தேர்ந்தால் இன்றைக்கு வேலை நடக்கும். அடுத்த முறை கோப்பு தலைமை அலுவலகம் போய் வந்தால் பழைய கதைதான்.

நிலையான வழி, இணைப்பையே விட்டுவிட்டு, ‘கிரியேட்ஆப்ஜெக்ட்’ மூலம் மேக்ரோ ஓடும்போது அவுட்லுக்கை அழைப்பது. இதிலும் ஒரு பள்ளம் உண்டு: லைப்ரரி போனால் அதன் மாறிலிகளும் போய்விடும். ‘ஆப்ஷன் எக்ஸ்ப்ளிசிட்’ எழுதாதவரின் நிரலில் அவை வெற்று மாறிகளாகி 0 ஆகிவிடும். அவுட்லுக்கின் ‘ஓஎல்மெயில்ஐட்டம்’ மதிப்பே 0 என்பதால் அது தற்செயலாகத் தப்பிக்கும். எக்செலின் ‘எக்ஸ்எல்அப்’ மதிப்பு -4162, அது தப்பாது. எண்களை நிரலின் தலையில் எழுதிவைப்பதே வழி.

64 பிட் ஆஃபீஸ் தரும் தலைவலி வேறு. விண்டோஸ் செயற்கூறுகளை அழைக்கும் ‘டிக்ளேர்’ வரிகளில் ‘பிடிஆர்சேஃப்’ சேர்க்கச் சொல்லும். சேர்த்ததும் கம்பைலர் வாயை மூடிக்கொள்ளும். ஆனால் அந்தச் சொல் எதையும் சரிசெய்வதில்லை. சரிபார்த்தாயிற்று என்று நிரலர் கொடுக்கும் உறுதிமொழி, அவ்வளவே. 8 பைட் முகவரியை 4 பைட் ‘லாங்’ மாறியில் திணித்தால் வேர்டு சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொள்ளலாம். முகவரியையும் ஹேண்டிலையும் தாங்கும் மாறிகள் ‘லாங்பிடிஆர்’ ஆக வேண்டும். மற்ற ‘லாங்’குகளைத் தொடக்கூடாது. 2010-க்கு முந்தைய பதிப்புகளுக்கு இந்தச் சொற்களே தெரியாது. அவையும் புழக்கத்தில் இருந்தால் ‘விபிஏ7’ நிபந்தனைக்குள் இரண்டு வடிவங்களையும் எழுத வேண்டும்.

2007-இல் நீக்கப்பட்ட ‘ஃபைல்சர்ச்’ இன்னும் சில பழைய மேக்ரோக்களில் கிடக்கிறது. ‘டிர்’ கொண்டு மாற்றி எழுதுவதே மருந்து. ‘ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்’ போட்டு மூடுவது மருந்தல்ல. கடிதம் போகாததே யாருக்கும் தெரியாமல் போகும்.

பதிப்பு எண்ணைக் கேட்டு நிரலைக் கிளை பிரிப்பதும் ஓரளவுக்குத்தான் உதவும். 2016, 2019, 2021 மூன்றுமே தம்மை 16.0 என்றுதான் சொல்லிக்கொள்கின்றன.