மிதவைச் சட்டையின் அளவுகோல்
கடலோடியின் பாதுகாப்புக் கருவிகளுள் முதன்மையானது லைஃப் ஜாக்கெட் எனப்படும் மிதவைச் சட்டையே. ஆனால் அதன் நிறத்தையும் விலையையும் பார்த்து வாங்குவோர், அது எவ்வளவு விசையோடு உடலை மேலே தாங்கும் என்பதைக் குறிக்கும் நியூட்டன் அளவைக் கவனிக்கத் தவறக்கூடாது. 50 நியூட்டன் சட்டை, நீந்தத் தெரிந்தவருக்குக் கரையருகே உதவும் துணை மட்டுமே; 150 நியூட்டன் சட்டையோ, நினைவிழந்து குப்புறக் கிடப்பவரையும் முகம் வானைப் பார்க்கத் திருப்பும் நோக்கில் வடிவமைக்கப்படுவது. அணிந்தபின் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுக்கும்போது சட்டை காதுவரை ஏறினால் அது அணிந்தவருக்குப் பெரியது. தொடைகளுக்கிடையே செல்லும் வார் இல்லாவிட்டால் நீரிலும் அப்படியே கழன்று ஏறும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலில் குமரி மாவட்ட மீனவர்கள் பட்ட துயரம், மிதப்பது மட்டும் போதாது, இருக்குமிடத்தைச் செயற்கைக்கோள் வழியாகக் கரைக்கு அறிவிக்கும் அபாய அறிவிப்புக் கருவியும் படகில் வேண்டும் என்பதை உணர்த்தியது. இந்தக் கவனம் கடலுக்கு மட்டும் உரியதன்று. 2025இல் இணையக் காணொலிகளால் பெயர்பெற்ற கூமாப்பட்டி என்னும் ஊருக்குக் கடல் இல்லை, பிளவக்கல் அணைதான் உண்டு. எனினும் நன்னீரின் அடர்த்தி கடல்நீரைவிடச் சுமார் 2.5 சதவீதம் குறைவு என்பதால், மனித உடல் கடலில் மிதக்கும் அளவுக்கு அணையில் மிதப்பதில்லை. ஆகவே, கடல் அல்லவே என்று எண்ணி அணையில் இறங்குவது அறியாமை. தடையுள்ள இடத்தில் இறங்காமலிருப்பதும், அனுமதியுள்ள படகில் வார்களை இறுகக் கட்டி அமர்வதுமே அறிவுடைமை.